கூரத்துச் செப்பேடும் ஓரூரின் நிலவரலாறும்

வரலாறு என்பது மன்னர் முடிகவித்ததும் மாற்றார் புறங்கொடுத்ததும் ஆகிய இவற்றின் தொகுப்பே என்று கருதுவார் பலர். அரண்மனையும் போர்க்களமும் அன்றி ஏரிக்கரையும் நெற்களமும் வரலாற்றிற்கு உரியனவல்ல என்பது அவர்தம் எண்ணம்போலும். ஆயினும், மன்னர் புகழைப் பொறித்த செப்பேடுகளே தம் பிற்பகுதியில் வாய்க்காலையும் மதகையும் பங்கையும் பாட்டத்தையும் பேசி முடிவதை நோக்குவார்க்கு, அப்புகழ் நின்றது எதன்மேல் என்பது எளிதிற் புலனாகும். இதற்குச் சான்றாகத் தொண்டைநாட்டுச் சிற்றூர் ஒன்று ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அது காஞ்சிபுரத்திற்கு அணித்தாய் விளங்கும் கூரம் என்பது.

கூரம் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததோர் உழவூர். பேரூர்களின் வரிசையில் வைத்து எண்ணப்படாத அவ்வூர் சைவர்க்கும் வைணவர்க்கும் தமிழெழுத்தின் வரலாறு ஆராய்வார்க்கும் கற்றளியின் தோற்றம் ஆராய்வார்க்கும் ஒருங்கே உரியதாய் நிற்றல் வியத்தற்குரியது. பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் அங்குள்ளன. இராமாநுசருடைய முதன்மாணாக்கருள் ஒருவராகிய கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என வைணவர் அதனைப் போற்றுவர். அவ்வாசிரியர் தம் இல்லத்தில் நாடோறும் வந்தார்க்கெல்லாம் அன்னமிட்டு இரவில் தாழிட்ட கதவின் ஓசை காஞ்சிவரை சென்றது என்பது அவர்கள் வழங்கும் வரலாறு. அவ்வரலாற்றைப் புகழ்ச்சி என்று ஒதுக்குவாரும் ஒன்று உணர்தல் வேண்டும்: அடையாத வாயிலை உடையதோர் இல்லம் ஓரூரில் நின்றது என்று பின்னோர் நம்பினர் எனின், அவ்வூரின் வயல் விளைவு அந்நம்பிக்கைக்கு இடந்தருவதாய் இருந்தது என்பது பெறப்படும்.

நிலமும் நீரும்

தொண்டைநாடு 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது வழிவழிச் செய்தி. கோட்டத்தினுள் நாடும் நாட்டினுள் ஊரும் அடங்கும். கூரம் ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூரைச் சார்ந்ததாகச் செப்பேடு கூறும். ஊற்றுக்காடு, நீர்வேளூர் என்னும் இவ்விரு பெயரிலும் நீர் நின்றமை நோக்கற்பாலது. நீர் பெரிதும் வாய்த்த நாடாதலின் இப்பெயர் பெற்றன என்று கொள்வதினும், நீரே வாழ்வின் தலையாய கவலையாக இருந்தமையின் ஊற்றும் நீரும் பெயராக நிலைத்தன என்று கொள்வதே அந்நாட்டின் இயல்பிற்குப் பொருந்தும்.

ஏனெனில், தொண்டைநாடு காவிரிநாடு போல வற்றாத ஆற்றுவளம் உடையதன்று. அதன் பேராறு பாலாறு. கருநாடக நாட்டு நந்திமலைப் பக்கத்தே தோன்றி, வடவார்க்காட்டு நிலத்தைக் கடந்து, காஞ்சிக்குத் தெற்கே ஓடி, வயலூர் அருகே கடலிற் கலக்கும் அவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடப்பது. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் சில நாட்கள் பெருகி ஓடும். பின்னர் மணலுக்கடியில் ஊற்றாக மறையும். பெருகிய சில நாட்களில் அந்நீரைப் பிடித்து வைப்பாரே பயிர் செய்வார். விடுவார் வான்நோக்கி இருப்பார். இந்நிலத்தில் ஏரி என்பது அழகிற்கு அமைந்ததன்று, உயிர்நிலையாய் அமைந்தது. செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம் எனப் பெயர் பெற்றதற்குக் காரணமும் இதுவே.

ஏரியின் அமைப்பு எளியதுபோலத் தோன்றினும் நுட்பமுடையது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல மண்கரை எடுக்கப்படும். மேட்டுநில மழைநீரும் ஆற்றினின்று வெட்டிய வரத்துக்காலின் நீரும் அதனுட் சேரும். வயலுக்கு நீர்விட மதகுகள் உண்டு. மிகுந்த நீர் கரையை உடைக்காதபடி கலங்கல் வழியே வழிந்து கீழூர் ஏரிக்குச் செல்லும். மேலூர் ஏரியின் மிகுதி கீழூர் ஏரியின் வரவாதலின், ஒருவர் கரையைக் காவாதொழியின் அடுத்தவர் பயிரும் அழியும். ஆண்டுதோறும் உள்வாயில் வண்டல் படியும். அதனை எடுத்து வயலில் இட்டால் ஏரி ஆழமும் வயல் உரமும் ஒருங்கே பெறும். எடாதொழியின் ஏரி மேடாகும். சம்பா நெல்லுக்கு வேண்டும் நீர் ஏரியில் நின்றபின் எஞ்சியது நவரைக்கு ஆகும். கிணற்றுநீர் வாய்த்த இடத்தே சொர்ணவாரியும் விளையும். இம்மூன்று போகமும் ஒருசேர வாய்க்கும் ஆண்டு அரிது. எத்தனை போகம் என்பதை வானமும் கரையும் கூடியே முடிவு செய்யும்.

பல்லவர் இவ்வியல்பை நன்குணர்ந்தவர். மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், மாமண்டூரில் சித்திரமேக தடாகம், உத்தரமேரூரில் வயிரமேக தடாகம் என அவர் காலத்து ஏரிகள் அவர்தம் பெயர்களைத் தாங்கி நின்றன. கூரத்தில் அமைந்தது பரமேச்சுர தடாகம். பாலாற்றினின்று பெரும்பிடுகு என்னும் பெயரால் ஒரு கால் வெட்டி அவ்வேரிக்கு நீர் கொணரப்பட்டது எனச் செப்பேடு கூறுகின்றது. பிடுகு என்பது இடியேறு. பல்லவர் விருதுப் பெயர்களில் பகாப்பிடுகு, மார்ப்பிடுகு என இச்சொல் பயில்வதை அறிஞர் அறிவர். பகைவர்மேல் விழும் இடியின் பெயரையே உழவர்க்கு நீர் கொணரும் வாய்க்காலுக்கும் இட்டமை அக்காலத்து மன்னர் தம் கடமையை எவ்வாறு கருதினர் என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

செப்பேட்டின் செய்தி

கூரத்துச் செப்பேடுகள் முதலாம் பரமேச்சுரவர்மனால் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளிக்கப்பட்டவை. ஹுல்ச் என்னும் அறிஞர் அவற்றைப் படித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியிற் பதிப்பித்தார். ஏடுகள் சிற்சில இடங்களிற் சிதைந்துள்ளன. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப்பகுதி தமிழெழுத்திலும் அமைந்துள்ளன. 7ஆம் நூற்றாண்டுத் தமிழெழுத்தின் வடிவை அறிதற்கு உதவும் பழஞ்சான்றுகளில் இஃது ஒன்றாதலின், எழுத்து வரலாறு கூறுவார் எவரும் கூரத்தைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

வடமொழிப் பகுதி பல்லவர் குடிவழி கூறித் தொடங்குகின்றது. நரசிங்கவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புலிகேசியைப் புறங்காட்டச் செய்து, ஓடிய அவன் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் எழுத்தைப் பொறித்தான் என அது உருவகிக்கும். 642ஆம் ஆண்டை ஒட்டி வாதாபி அழிந்தது. அப்போரிற் படைத்தலைமை பூண்டவரே பின்னர்ச் செங்காட்டங்குடியிற் சிறுத்தொண்ட நாயனாராய் விளங்கிய பரஞ்சோதியார் என்பதைச் சைவர்க்கு எடுத்துரைத்தல் மிகை. நரசிங்கவர்மனுக்குப் பேரனே பரமேச்சுரவர்மன். பாட்டன் வாதாபியை அழித்த பகையைச் சளுக்கியர் மறவாராய்ப் பேரன் காலத்திற் படையெடுத்து வந்தனர். முதலாம் விக்கிரமாதித்தன் 674இல் காவிரித் தென்கரை உரகபுரத்தில் தங்கியிருந்தான் என்பது கத்வால் செப்பேட்டாற் போதரும். காஞ்சியையும் தான் கைக்கொண்டதாக அவன் கூறிக்கொள்கின்றான். பின்னர்ப் பெருவளநல்லூரில் நிகழ்ந்த போரில் பரமேச்சுரவர்மன் வென்றான் என்பது உதயேந்திரச் செப்பேட்டாற் புலனாகும். பல இலக்கம் படையுடன் வந்தவன் கந்தையொன்றே போர்வையாகத் தனித்து ஓடினான் என்று கூரத்து ஏடு மிகுத்துரைக்கும். அரிவாரணம் என்னும் யானையையும் அதிசயம் என்னும் குதிரையையும் பெயர்கூறிப் புகழும்.

இவ்வளவும் புலவர் நாவில் அமைந்த அணி. இதன்பின் ஏட்டின் நடை மாறுகின்றது. குருதியும் புழுதியும் நிறைந்த களத்தை விட்டு அது கூரத்து வயலுக்கு இறங்குகின்றது. வடமொழி நின்று தமிழ் எழுகின்றது. புகழ் கூறுதற்கு ஒருமொழி அமைந்ததாயினும், நிலம் அளத்தற்கும் எல்லை வகுத்தற்கும் வாய்க்கால் முறை கூறுதற்கும் அவ்வூரார் பேசிய தமிழே வேண்டுவதாயிற்று. தமிழ்ப்பகுதி எழுந்த காரணம் இதுவே என்க.

அதன்கண், நான்மறை ஓதும் 108 குடிகளுக்கு உரியதாய் இருந்த கூரத்தில், வித்தியாவினீத பல்லவ பரமேச்சுரகிருகம் என்னும் சிவன் கோயில் குறிக்கப்படுகின்றது. கோயிற்கும் அதன் கட்டடப் பணிக்கும் வேண்டிய நிலம் விலைகொடுத்துக் கொள்ளப்பட்டது என்பது கருதத்தக்க செய்தி. பெரும்படையைப் புறங்கண்டதாகப் புகழப்பெறும் மன்னன் ஆட்சியில், காஞ்சியின் நிழலிலே உள்ள சிற்றூரில், இறைவன் கோயிற்கெனினும் பிறர் நிலம் விலையின்றிக் கொள்ளப்பட்டிலது. மன்னர் நிலமெல்லாம் தமதென்று கவர்ந்தனர் எனப் பொதுவாகக் கூறுவார்க்கு இவ்வேடு ஒரு மறுமொழியாகும்.

இருபத்தைந்து பங்கு

கோயிற்கு அறமாக அளிக்கப்பட்ட ஊர் பரமேச்சுரமங்கலம். அதன் விளைவு 25 பங்காக வகுக்கப்பட்டது. அவற்றுள் 3 பங்கு இறைவனுக்கு வழிபாடு ஆற்றிக் கோயிற் பழுது பார்ப்பார் இருவர்க்கும், 1 பங்கு மண்டபத்திற்கு நீரும் தீயும் வைப்பார்க்கும், 1 பங்கு அம்மண்டபத்திற் பாரதம் வாசிப்பார்க்கும், எஞ்சிய 20 பங்கு சதுர்வேதிகள் 20 பேர்க்கும் உரியன. செக்கு, தறி, தரகு முதலியவற்றால் வரும் ஊர்ப்பொது வருவாயும் இப்பங்கின் முறையே பகிர்ந்துகொள்ளப்படல் வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்பகுப்பைச் சைவர் சற்று ஊன்றி நோக்குதல் நன்று. வழிபாடும் பழுதுபார்த்தலும் ஒரே பங்கில் இணைத்து வைக்கப்பட்டன. அருச்சிப்பவன் வேறு, ஒழுகும் கூரையை நோக்குபவன் வேறு என்னும் பிரிவு அங்கில்லை. இறைவனுக்கு மலரிடும் கை அவன் இல்லத்துச் சுவரில் முளைத்த ஆலஞ்செடியையும் பறித்தல் வேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து. அப்பரடிகள் கையில் உழவாரப்படை ஏந்தியது இந்நூற்றாண்டினதே என்பதை நினைவார்க்கு இவ்விணைப்பு தற்செயலாகத் தோன்றாது. சரியை, கிரியை என இருவேறு படிகளாகச் சாத்திரம் வகுப்பினும், அவை ஒருவன் வாழ்வில் ஒன்றாய்ப் பொருந்தியிருத்தலே பழைய வழக்கு.

நீருக்கும் தீக்கும் ஒரு பங்கு என்றது அதனினும் அரியது. மண்டபத்திற்கு வருவார்க்குக் குடிக்க நீர். இருள் நீங்கவும் குளிர் போக்கவும் தீ. இப்பணியைச் செய்பவன் கல்வியிற் பெரியவனாக வேண்டுவதில்லை. அவன் பெயரைப் பாடுவார் இல்லை. எனினும், பாரதம் வாசிப்பவனுக்கு எவ்வளவோ அவ்வளவே இவனுக்கும் பங்கு. விடாய்த்தவன் செவியிற் பாரதம் ஏறாது என்பதை அறிந்தவரே இப்பங்கை வகுத்திருத்தல் கூடும். பாரத வாசிப்பிற்கு நிலமளித்த பழைய சான்றுகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் குறிப்பர். தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனார் பாரத வெண்பா இயற்றியது இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிற்பட்டது. ஆதலின், பாரதம் கேட்கும் செவிகள் தொண்டைநாட்டுச் சிற்றூர் மண்டபங்களில் முன்னரே அணியமாயிருந்தன என்பது தெளிவு.

வித்தியாவினீதம் என்பதன் பொருள் கல்வியால் அடக்கமுற்றமை. கோயிற் பெயரிலேயே இப்பொருள் நின்றமையும், அக்கோயில் மண்டபத்திற் கல்வியும் தண்ணீரும் ஒத்த பங்கு பெற்றமையும் தம்முள் இயைவன.

கற்றளியும் கூத்தப்பெருமானும்

கூரத்துக் கோயில் கட்டடக்கலை வரலாற்றிலும் ஓர் எல்லைக்கல். முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றிக் கோயில் அமைத்ததாகப் பொறித்துக்கொண்டான். அது மலையைக் குடைந்த கோயில். கல்லை வெட்டிக் கொணர்ந்து அடுக்கிக் கட்டுதல் அதனினும் வேறு. அம்முயற்சியின் தொடக்கநிலையிற் கூரத்துப் பரமேச்சுரகிருகம் நிற்கின்றது. பின்புறம் யானை கிடந்தாற்போல வளைந்த தூங்கானை மாட அமைப்பிற் கருங்கற் பலகைகளைக் கொண்டு எழுப்பப்பட்ட அக்கோயிலின் மேற்பகுதி இன்று இல்லை. அடிப்பகுதியும் சுவரின் கூறுகளுமே பழமையைக் காட்டி நிற்கின்றன. பரமேச்சுரவர்மனின் மகன் இராசசிங்கன் காலத்தில் இம்முயற்சி முதிர்ந்து காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலாகப் பொலிந்தது.

இவ்விடத்துப் பூசலார் நாயனார் வரலாறு நினைவிற்கு வாராதொழியாது. காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாட்குறித்தபோது, நின்றவூர்ப் பூசலார் உள்ளத்தே எடுத்த கோயிலுக்கு அந்நாளே எழுந்தருளுவோம் என இறைவன் அருளினமை பெரியபுராணத்தால் அறியப்படும். அக்காடவர்கோன் இராசசிங்கனே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தந்தை கூரத்தில் எடுத்த சிறிய கற்றளி சிதைந்தது. மகன் காஞ்சியில் எடுத்த பெரிய கற்றளி நிற்கின்றது. பூசலார் கட்டிய கோயிலுக்கோ கல்லும் இல்லை, சிதைவும் இல்லை. மூன்றும் ஒரே நாட்டில், ஒருவரையொருவர் அடுத்த இரு தலைமுறைக்குள் நிகழ்ந்தவை.

கூரம் சைவர்க்கு அளித்த மற்றொரு செல்வம் கூத்தப்பெருமான் செப்புத் திருமேனி. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள அது பல்லவர் காலத்தது என்று கலைவல்லார் கொள்வர். பிற்காலச் சோழர் திருமேனிகளிற் காணப்படும் ஆனந்தத் தாண்டவத்தில், தூக்கிய திருவடி உடலின் குறுக்கே வீசி நிற்கும். கூரத்துத் திருமேனியிலோ முழங்கால் மேலோங்கி மடிந்து நிற்கும். இதனை ஊர்த்துவசானு என்பர். தில்லையில் நிலைபெற்ற வடிவம் எங்கும் பரவுதற்கு முன், கூத்தின் பல நிலைகளையும் சிற்பிகள் செம்பில் வார்த்து வழிபாட்டிற்கு அளித்தனர் என்பதற்கு இது சான்று. பேரரசின் தலைநகரில் அன்றி ஏரிப்பாசனத்து உழவூர் ஒன்றில் இத்திருமேனி இருந்தமை, அக்காலத்துச் சிற்றூர்களின் சமயவாழ்வு எத்துணை ஆழமுடையது என்பதைக் காட்டும்.

பங்கு நின்றதும் கரை அழிந்ததும்

செப்பேட்டுப் பங்கு முறை பல்லவரோடு மறைந்துவிடவில்லை. சோழர் காலத்தில் உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறித்த பராந்தகன் கல்வெட்டுக்கள் ஏரிவாரியம் என ஏரியைக் காக்கும் வாரியத்தையும், அதற்கு ஆளைத் தேரும் குடவோலை முறையையும் விரித்துரைக்கும். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு கழிந்து எல்லிசு துரை மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான நூலிலும், தொண்டைநாட்டு ஊர்கள் வரையறுத்த பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தமை கூறப்படும். நிலத்தைப் பொதுவில் வைத்துக் காலந்தோறும் மாற்றிக்கொள்வது பசுங்கரை என்றும், நிலையாகப் பிரித்துக்கொள்வது அருதிக்கரை என்றும் ஊரார் வழங்கினர். பரமேச்சுரமங்கலத்து 25 பங்கிற்கும் இப்பங்குகளுக்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் உள்ளன. அரசர் எத்தனையோ பேர் மாறினர். பங்கு என்னும் சொல்லும் முறையும் மாறவில்லை.

ஆயின், பங்கு நின்ற அளவிற்குக் கரை நின்றிலது. காஞ்சியைச் சூழ்ந்த நாடு எப்பொழுதும் படைகளின் வழியிற் கிடந்தது. முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூரிலேயே, 1780 செப்டம்பர் 10இல் ஐதரலியின் படை ஆங்கிலேயர் படையொன்றை அழித்தது. ஒரே ஊர் பதினொரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை களமாயிற்று. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியால் கும்பினியார்க்குச் சாகீராக விடப்பட்ட இந்நாடு, அப்போரினாலும் அதனை ஒட்டிய பஞ்சத்தாலும் குடிகள் சிதறிப் பாழ்பட்டது. குடியில்லாத ஊரில் கரை உயர்த்துவார் யார்? ஒரு மழைக்காலத்தில் உடைந்த கரை, அடைப்பார் இன்மையின் அடுத்த மழையில் நீரை ஏலாது. நீர் ஏலாமையின் ஓடிய குடி திரும்பாது. பகைவர் வாளினும் இச்சுழற்சியே ஊர்களை மிகுதியும் அழித்தது. 1794 முதல் ஆட்சித்தலைவராயிருந்த பிளேசு துரை காலத்தில் ஏரிகளைப் பழுதுபார்க்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. குடிமராமத்து என வழங்கிய ஊரார் உழைப்புமுறை தளர்ந்து வந்தமையின், 1858இல் அதனைக் கட்டாயமாக்கச் சட்டம் ஒன்றும் பிறந்தது. அன்பாலும் வழக்காலும் நடந்த பணியைச் சட்டம் ஏவவேண்டிய நிலை வந்தமையே அப்பணி எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு அளவுகோல்.

பிறிதொன்றும் மறைத்தற்குரியதன்று. கூரத்து ஏட்டில் மன்னன் பெயர் உண்டு. யானையின் பெயரும் குதிரையின் பெயரும் உண்டு. பங்குபெற்றார்க்கு இடம் உண்டு. பெரும்பிடுகு வாய்க்காலை வெட்டியவர் பெயரும், அதன் நீரால் நாற்று நட்டார் பெயரும் இல்லை. 25 பங்கும் விளைநிலத்தின் பயனைப் பகிர்ந்தனவே. விளைவித்த கைக்கென ஒரு பங்கும் அவ்வெண்ணில் வைக்கப்பட்டிலது. பிற்காலத்துத் தொண்டைநாட்டு உழவூர்களிற் பண்ணையாட்கள் அடிமைநிலையில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை எல்லிசு துரை முதலியோர் குறித்துள்ளனர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வடிமைமுறையைச் சட்டப்படி ஏற்பதை ஒழித்தது. செப்பேட்டின் சிறப்பைக் கூறுவார் இக்குறையையும் உடன் கூறுதலே நடுநிலை. அன்றியும், சைவர்க்கு இஃது அயலான கருத்தன்று. ஆதனூர்ப் புலைப்பாடியில் உழவுத்தொழில் செய்து வாழ்ந்த திருநாளைப்போவாரைத் தொண்டர் வரிசையில் வைத்து வணங்குவது திருத்தொண்டத்தொகை. திருவாரூர்க் கமலாலயத்தைக் கண்ணிழந்த நிலையிலும் கயிறு பற்றித் தடவித் தோண்டிய தண்டியடிகளையும் அது போற்றுகின்றது. குளம் அகழ்தல் சிவபுண்ணியம் என்பது தண்டியடிகளால் நிலைநாட்டப்பட்டதாயின், கூரத்து ஏரிக்கு மண்சுமந்த பெயரறியாத பலரும் அப்புண்ணியத்திற்கு உரியரே. செப்பேடு விட்ட பெயரைத் தொண்டத்தொகையின் நெறி விடுவதில்லை.

சந்திராதித்தர் உள்ளவரை

அறக்கட்டளை யாத்தார் யாவரும் திங்களும் ஞாயிறும் உள்ளவரை அது நிற்க என்று விரும்புதல் செப்பேட்டு மரபு. கூரத்தில் எவை நின்றன, எவை நில்லாவாயின என்பதை எண்ணின் ஓர் உண்மை புலப்படும். செம்பு நின்றது, கல் ஒருபகுதி நின்றது, கூத்தப்பெருமான் திருமேனி வேறிடத்தே நின்றது. நீரும் தீயும் வைத்த பங்கும், பாரதம் வாசித்த பங்கும், பழுது பார்த்த பங்கும் வழக்கொழிந்தன. பொருளாக அமைந்தவை சிதைந்தேனும் எஞ்சின; நாடோறும் ஒருவர் எழுந்து செய்தாலன்றி இல்லாதனவாகிய பணிகளே அற்றுப்போயின. அவற்றை எந்தச் செம்பும் காவாது. கோயிற் பழுதைப் பார்ப்பார்க்கு வழிபாட்டோடு சேர்த்துப் பங்கு வைத்த முன்னோர் இதனை நன்கறிந்தே வைத்தனர். அப்பணி நின்றநாள் தொடங்கியே தூங்கானை மாடத்தின் மேற்பகுதி சரியத் தொடங்கியிருத்தல் வேண்டும்.

ஆகவே, பழங்கோயில்களையும் பழவூர்களையும் போற்றுவார் செப்பேட்டைப் படித்துப் பெருமிதம் கொள்ளுதலோடு அமையலாகாது. வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும் ஏரியும், நீர் வைப்பாரில்லாத மண்டபமும், ஓதுவாரின்றிப் பூட்டிய சந்நிதியும் உள்ள ஊரில், ஏழாம் நூற்றாண்டின் புகழ் எஞ்சியதென்று கூறுதல் பொருளற்றது. கூரத்து ஏடு கூறும் 25 பங்கில் நீருக்கும் தீக்கும் வைத்த 1 பங்கு யாவரும் ஏற்றுச் செய்தற்கு எளியது. அதற்கு வேந்தன் ஆணையும் வேண்டுவதில்லை. வேதப் பயிற்சியும் வேண்டுவதில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஓர் அகல் விளக்கும் ஏந்தி, நாள் தவறாது ஒருவர் வந்து நிற்பின், பரமேச்சுரவர்மன் தொடங்கிய அறத்தின் ஒருபங்கு அவ்விடத்தே உயிர்பெறும். அதனைச் செய்வாரைச் சிவபெருமான் திருவருள் காக்குமாக.